தீக்காய வார்டில் துணையிருப்பது: மீண்டவர்களும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை

"இந்தக் கையால இனிமே சோறு பிசைய முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். அதே மாதிரி வெந்து, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுப் போட்ட கை உள்ள ஒருவர், வார்டு கவுனின் நாடாவைத் தானே முடிந்துகொண்டு எதிரே வந்து உட்கார்ந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்காது. தீக்காயத்திலிருந்து மீண்டவர், இப்போது படுத்திருப்பவருக்குத் துணையாக வருவதன் பலன் இதுதான். அவர் சொல்வதைவிட அவர் வந்து உட்கார்ந்திருப்பதே பெரிது. மருத்துவமனையில் இப்படியொரு துணைக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே நடத்திவருபவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

யாரைத் துணையாளராக எடுப்பது?

தழும்பு முதிர்ந்து, சிவப்பும் தடிப்பும் அடங்க 12 முதல் 18 மாதம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மனதுக்கும் குறைந்தது அவ்வளவு காலம் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஒன்றரை ஆண்டு ஆகாதவரை எடுக்க வேண்டாம். முதல் ஆளாக முன்வருபவர்தான் சரியான ஆள் என்று நினைத்துவிடுவதே இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சொல்லித் தீராத வேதனையை இறக்கிவைக்க இடம் தேடி வருபவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு முதலில் நாம்தான் துணையாக இருக்க வேண்டும்.

ஆளைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. தனக்கு நடந்ததை 2 நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதில் ஒரு வார்த்தையும் சொல்லாமல், எதிரே இருப்பவர் பேசுவதை 10 நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் முடிகிறவர் தயாராக இருக்கிறார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தாலோ, அடுத்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ சற்றுப் பொறுக்கச் சொல்லலாம்.

யாரை யாரிடம் அனுப்புவது என்பதில், காயம் எப்படி ஏற்பட்டது என்பதைவிட எங்கே ஏற்பட்டது என்பதைப் பாருங்கள். முகம் வெந்தவருக்கு முகத்தில் தழும்பு உள்ளவரும், விரல் மடங்கியவருக்கு விரலை மீட்டெடுத்தவரும் போக வேண்டும். பெண்கள் வார்டுக்குப் பெண்களே போவது நல்லது. மீண்டவர்களோடு, வார்டு வராந்தாவில் மாதக்கணக்கில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு தாயோ கணவரோ குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். குடும்பத்தாரிடம் பேச அவர்களைவிடச் சிறந்தவர்கள் இல்லை.

2 நாள் பயிற்சி போதும். பாதி நேரம் நடித்துப் பார்ப்பதற்கே போகட்டும்: ஒருவர் படுக்கையில், ஒருவர் ஸ்டூலில். அதன்பின் அனுபவமுள்ள துணையாளரோடு 3 முறை உடன்போய் வரட்டும். தனியாக அனுப்புவது அதற்கப்புறம்தான்.

வார்டுக்குள் போகும் முன்

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் அடையாள அட்டையும் வேண்டும். ஆனால் நடைமுறையில் கதவைத் திறப்பவர் வார்டு சிஸ்டர். எந்தப் படுக்கைக்கு இன்று போகலாம், யாருக்கு இப்போதுதான் டிரெஸ்ஸிங் முடிந்தது, யார் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். டிரெஸ்ஸிங்குக்கு முன்பு பயத்திலும், முடிந்ததும் வலியிலும் மயக்கத்திலும் இருப்பார்கள். அந்த இரண்டு நேரமும் வேண்டாம்.

வெந்த உடம்பில் தோல் என்ற காவல் இல்லை. சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கையில் ஆறாத புண் எது இருந்தாலும் அன்றைக்குப் போகக் கூடாது. வளையல், மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். பூ, பழம், விபூதி எதையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். படுக்கையில் உட்காரக் கூடாது. போனை வெளியிலேயே கொடுத்துவிடுங்கள்.

முதல் சில நாட்கள் உயிரைக் காப்பாற்றும் நாட்கள். அப்போது வெளியே நிற்கும் குடும்பத்தாரை மட்டும் பாருங்கள். படுத்திருப்பவரைப் பார்ப்பது, அவர் நினைவோடு பேசத் தொடங்கி, "பார்க்கலாம்" என்று சிகிச்சைக் குழு சொன்ன பிறகு.

முதல் சந்திப்பு

அதிகம் போனால் 20 நிமிடம். சோர்ந்தால் 5 நிமிடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

முதலில், அவர் கழுத்தைத் திருப்பாமலே உங்களைப் பார்க்கும் இடமாகத் தேடி, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் மேற்பார்வையிட வந்தவர் போலத் தெரியும். பிறகு அனுமதி கேளுங்கள்: "அக்கா, எனக்கும் தீக்காயம் பட்டுச்சு. மூணு வருஷமாச்சு. கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?" வேண்டாம் என்றால், "சரிக்கா, வியாழக்கிழமை இந்தப் பக்கம் வருவேன், அப்ப கேக்குறேன்" என்று சொல்லிக் கிளம்புங்கள். தன் உடம்பில் யார் யாரோ கைவைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், "வேண்டாம்" என்று சொல்லி அது நடந்ததைப் பார்ப்பதே அவருக்கு ஒரு பலம். வியாழக்கிழமை சொன்னபடி போய்விட வேண்டும். போகாமல் விட்டால் அதன்பின் அவர் நம்ப மாட்டார்.

அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் உங்கள் தழும்பைத்தான் பார்ப்பார். "பாக்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுக் காட்டுங்கள். விரலை மடக்கி நீட்டிக் காட்டுங்கள். கேட்காமல் சட்டைக் கையைச் சுருட்டாதீர்கள். தனக்கும் இப்படித்தான் ஆகுமோ என்று பயந்துவிடுபவர்களும் உண்டு.

"என்னைவிட உனக்குக் கம்மிதான்", "பிள்ளைகளுக்காகவாவது தைரியமா இரு", "எல்லாம் விதி", "ஒரு வருஷத்துல பழையபடி ஆயிடுவ" இவை நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். கடைசி வாக்கியம் பொய். மற்றவை வாயை அடைப்பவை. அவர் அழுதால் அழட்டும், பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். மருந்து, அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டால், "இதை டாக்டர்கிட்ட கேக்கணும், மறக்காம இருக்க எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்டு, அந்தக் கேள்வியைச் சிஸ்டரிடம் கொண்டுசேருங்கள்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்கவே கூடாது

இந்த ஒரு விதியை மீறியவரை அடுத்த முறை அனுப்பாதீர்கள். தீக்காயத்தோடு வருபவர் விஷயத்தில் காவல்துறைக்குத் தகவல் போகும். நிலைமை மோசமானால் நீதித்துறை நடுவர் வந்து வாக்குமூலம் பதிவுசெய்வார். நீங்கள் துருவிக் கேட்டு, அவர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் வழக்கே குழம்பும். "ஸ்டவ் வெடிச்சுது" என்று சொல்பவரின் பக்கத்தில், அப்படிச் சொல்ல வைத்தவரே நின்றுகொண்டிருக்கலாம். அதனால் சந்திப்பு நேரத்தில் உடனிருப்பவரை, டீ குடித்து வரச் சொல்லியோ இன்னொரு துணையாளரிடம் பேச அனுப்பியோ வெளியே இருக்கச் செய்யுங்கள்.

அவராகவே சொன்னால் முழுமையாகக் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கிளறாதீர்கள், கணவர் வீட்டாரிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். "இதைச் சிஸ்டர்கிட்ட சொல்லட்டுமா? உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கும்" என்று கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லிவையுங்கள்.

தனக்குத்தானே செய்துகொண்டதாகச் சொல்பவரும் உண்டு. அவர் கூடுதலாகப் பயந்திருப்பார்: போலீஸ், கேஸ், ஊர் வாய். 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படிச் செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அதை அவரிடம் சொல்லலாம். இப்போதும் சாக வேண்டும் என்று பேசினால் அதை ரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகு அப்படிப் பேசினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், எண் 14416. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

கண்ணாடி

வீட்டிலுள்ள கண்ணாடியையெல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். கடைசியில் அவர் தன் முகத்தைப் பார்ப்பது தனியாக, எதிர்பாராமல், ஏதோ ஒரு பேருந்து ஜன்னலிலோ தண்ணீர்க் குடத்திலோ. அதைவிட வார்டிலேயே, அவர் கேட்கும் நாளில், சிஸ்டரும் அவர் நம்பும் ஒருவரும் பக்கத்தில் இருக்கப் பார்ப்பது மேல். சின்னக் கைக்கண்ணாடி போதும். முதலில் வேகாத பகுதி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றது. கண்ணாடி அவர் கையில் இருக்கட்டும், முடியாவிட்டால் எப்போது காட்டுவது, எப்போது எடுப்பது என்று அவரே சொல்லட்டும். "இப்ப இருக்கிற சிவப்பும் வீக்கமும் இப்படியே இருக்காது" என்பது உண்மை, அதைச் சொல்லலாம். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள்.

குடும்பத்தாரிடம் பேச வேண்டியவை

பாசம்தான் இங்கே அதிகம் கெடுக்கிறது. மூன்று விஷயங்களில் குடும்பத்துத் துணையாளர் விடாமல் பேச வேண்டும்.

ஒன்று, தலையணை. கழுத்தின் முன்பக்கம் வெந்தவருக்குத் தலையணை கூடாது. பிசியோதெரபிஸ்ட் சொன்னால் தோளுக்கடியில் சுருட்டிய துண்டு வைப்பார்கள். பாவம், கஷ்டப்படுகிறாளே என்று அம்மா இரவில் தலையணையை நுழைத்துவிடுவார். ஆறும் தோல் சுருங்கி இழுக்கும். எந்த வாக்கில் மடக்கி வைத்திருக்கிறோமோ அந்த வாக்கிலேயே இறுகிவிடும். தாடை நெஞ்சோடு ஒட்டிப்போவது இப்படித்தான். முழங்கை நீட்டியபடி, அக்குள் விரித்தபடி, விரல்கள் ஸ்பிளின்ட்டில் (உரிய வாக்கில் பிடித்துவைக்கும் தாங்கியில்) இருக்க வேண்டும். எது சுகமான வாக்காகத் தெரிகிறதோ அதுவே ஊனமாக்கும் வாக்கு. இதே காரணத்தால்தான் ஊட்டிவிடவும் கூடாது. அரை மணி நேரம் ஆனாலும், பாதி சிந்தினாலும், கையை அசைக்க முடிந்தவர் தானே சாப்பிடட்டும்.

இரண்டு, பத்தியம். முட்டை, மீன், கறி சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசம் சோறும் இட்லியும் மட்டும் கொடுப்பார்கள். பெரிய தீக்காயத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 50 கிலோ பெண்ணுக்கு 75 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். ஒரு நாளைக்கு ஒரு முட்டைகூட இல்லையென்றால் தோல் எங்கிருந்து வளரும்? ஒட்டுப் போட்ட தோலும் பிடிக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும். "பெரியவங்க சொன்னா தப்பா?" என்று வாதாட வேண்டாம். "என் பொண்ணுக்கும் முதல்ல குடுக்கல, டாக்டர் சொன்னப்புறம் குடுத்தேன், புண்ணு ஆறிச்சு" என்று இன்னொரு தாய் சொன்னால் எடுபடும்.

மூன்று, குற்ற உணர்வு. ஓடிப்போய் இட்லி மாவு பூசியவர், அடுப்படியில் குழந்தையை விட்டவர், அன்று வீட்டில் இல்லாதவர். வராந்தாவில் இவர்கள் தனித்தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். "தண்ணி ஊத்தியிருக்கணும்" என்ற பாடத்தை அப்போது எடுக்காதீர்கள். சாப்பிட்டார்களா, யார் மாற்றி இருக்கிறார்கள், வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்கு அழைத்துப்போங்கள். அமிலம் வீசப்பட்டவர் என்றால், குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின்

உண்மையான கஷ்டம் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வார்டில் எல்லோரும் வெந்தவர்கள், தெருவில் இவர் ஒருவர்தான். முதல் மாதம் வாரம் ஒரு போன், பிறகு ஆறாம் மாதம் வரை மாதம் இருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் கார்மெண்ட்டை (தழும்பு தடிக்காமல் அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடுப்பை) நாளுக்கு 23 மணி நேரம், ஓராண்டுக்கு மேல் போட வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஒட்டுப் போட்ட தோலில் வியர்க்காது, அதனால் சூடு தாங்காது. இரண்டு செட் வாங்கச் சொல்லுங்கள், ஒன்றைத் துவைத்து நிழலில் காயப்போட்டு மற்றதைப் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி நீவிய பிறகு துடைத்துவிட்டுப் போட வேண்டும், எண்ணெய் எலாஸ்டிக்கைத் தளர்த்திவிடும். சுமார் 3 மாதத்தில் பிடி தளரும், அளவெடுத்து மாற்ற வேண்டும். அரிப்பு தாங்காமல் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். ஈரத்துணி ஒற்றல், நகம் வெட்டுதல், அதற்கும் அடங்காவிட்டால் ஓபியில் மருந்து.

வெளியே போனால் கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே சொல்லிப் பழகிவிட வேண்டும். "தீக்காயம் பட்டுச்சு, இப்ப பரவாயில்ல" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லி, உடனே பேச்சை மாற்றுவது: "இந்த பஸ் தாம்பரம் போகுமா?" பள்ளிக் குழந்தை என்றால், அது திரும்பப் போவதற்கு முன்பே வகுப்பாசிரியரைப் பார்த்து, இது ஒட்டுவாரொட்டி இல்லை என்பதையும் அந்தச் சட்டை எதற்கு என்பதையும் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல வையுங்கள்.

மாதக் கூட்டம்

8 முதல் 10 பேர், ஒன்றரை மணி நேரம், ஓபி நாளிலேயே, மருத்துவமனைக்குப் பக்கத்தில். பஸ் செலவைக் கையில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏழைகள் நின்றுவிடுவார்கள். குடும்பத்தாருக்குத் தனி அறை வேண்டும். தாய் இருக்கும்போது மகளும், மகள் இருக்கும்போது தாயும் மனம் திறப்பதில்லை. ஒருவரே பேசிக்கொண்டிருந்தாலும், களிம்புகளை ஆளுக்கு ஆள் பரிந்துரைக்கத் தொடங்கினாலும் நடத்துபவர் குறுக்கிட வேண்டும். நன்கொடை தருபவர்கள் படம் எடுக்கக் கேட்பார்கள். கூட்டத்தில் கூடாது.

துணையாளர்களின் நலன்

ஒரு நாளில் 2 படுக்கைக்கு மேல் வேண்டாம். வார்டிலிருந்து வெளியே வந்ததும் 15 நிமிடம் குழுவில் ஒருவரிடம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். டிரெஸ்ஸிங் அறையின் வாசம் பழையதைக் கிளறிவிடும். தூக்கம் கெட்டாலோ, அடுப்பைப் பற்றவைக்கக் கை நடுங்கினாலோ சில வாரம் ஓய்வு கொடுத்து, மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் இறந்துபோவார்கள். அதனால் ஒவ்வொரு சந்திப்பு நாளிலும் ஒருங்கிணைப்பாளர் காலையிலேயே வார்டு சிஸ்டருக்குப் போன் செய்ய வேண்டும். சேதி கெட்டதாக இருந்தால் அதை நேரில், உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். விரிப்பு மாற்றிய காலிப் படுக்கையைப் பார்த்து ஒரு துணையாளர் அதைத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.