லைன் விழுந்தாலும் லாகின் ஆக: எஸ்எஸ்எஸ்டி கேஷ் அமைக்கும் முறை

லினக்ஸ் டெர்மினலில் ஒரு ஃபோல்டருக்குள் போய், கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ் -எல்' அடிக்கிறீர்கள். உள்ளே இருப்பது கொஞ்சம் கோப்புகள்தான், ஆனாலும் திரை சில விநாடி அப்படியே நிற்கிறது. அதே இடத்தில் 'எல்எஸ் -என்' அடித்தால் பட்டென்று வருகிறது. இப்படி இருந்தால் ஹார்ட் டிஸ்கைச் சந்தேகப்பட வேண்டாம். கோப்பில் உரிமையாளரின் பெயர் கிடையாது, யூஐடி என்ற எண் மட்டும்தான் இருக்கிறது. '-எல்' அந்த எண்ணுக்குரிய பெயரை எங்கேயோ கேட்டு வாங்குகிறது, '-என்' கேட்பதே இல்லை. கேட்கப் போகும் பாதைதான் மெதுவாக இருக்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் லேப் ஹட்டனில். பயனர் பட்டியல் இருக்கும் எல்டாப் சர்வர் கொழும்பில். நடுவே ஒரு 4ஜி ரவுட்டர். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லைன் போன நேரத்தில் டெர்மினல் திறந்தால் பயனர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஐ ஹேவ் நோ நேம்!' என்று பாஷ் (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கும் ஷெல்) எழுதிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, "சேர், என் பேரையே அழிச்சிட்டாங்க" என்று ஒரு பையன் ஓடி வந்தான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேஷை, அதாவது ஒருமுறை வாங்கிய பதிலைக் கைவசம் வைத்துக்கொள்வதை, இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். செக்ரோல் (வேலையாட்களின் பேர்ப் பதிவேடு) ஆபீஸில் இருக்கும். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் பேர் போட ஆபீஸுக்கு ஓடுவதில்லை, கையில் ஒரு பிரதி வைத்திருப்பார். வேலை வேகமாக நடக்கும். ஆனால் இன்று காலை ஆபீஸில் பதிந்த புது ஆளின் பெயர் அவர் புத்தகத்தில் இருக்காது.

நம் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கப்பிள்ளைதான் எஸ்எஸ்எஸ்டி: கொழும்பிலிருந்து வாங்கிய பதில்களைப் பிரதியாக வைத்திருக்கும் பின்னணி நிரல். சரி, வேலைக்கு வருவோம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். நான் செய்து பார்த்தது உபுண்டு 22.04, 24.04 இரண்டிலும்.

படி 1: யார் பதில் சொல்கிறார் என்று பாருங்கள்

'/ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' கோப்பில் 'பாஸ்டபிள்யூடி', 'குரூப்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். முதலில் 'ஃபைல்ஸ்' (இந்தக் கம்ப்யூட்டரின் சொந்தப் பட்டியல்), அதற்குப் பின்னால் 'எஸ்எஸ்எஸ்' (எஸ்எஸ்எஸ்டி) இருக்க வேண்டும். வரிசை முக்கியம். ரூட் (நிர்வாகிக் கணக்கு) போன்ற உள்ளூர்க் கணக்குகளுக்காகக் கொழும்பு வரை போகத் தேவையில்லை.

படி 2: என்எஸ்சிடியை நிறுத்துங்கள்

பழைய கையேடுகள் பலவும் என்எஸ்சிடி என்ற இன்னொரு கேஷ் நிரலைப் போடச் சொல்லும். எஸ்எஸ்எஸ்டி இருக்கும் கம்ப்யூட்டரில் அது வேண்டாம் என்பது என் கட்சி. எஸ்எஸ்எஸ்டி ஒரு பதிலை 5400 விநாடி, அதாவது ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கும். என்எஸ்சிடி குரூப் விவரத்தைத் தன் பங்குக்கு 3600 விநாடி வைத்திருக்கும். பழசாகும் தறுவாயில் இருக்கிற பதிலை என்எஸ்சிடி எஸ்எஸ்எஸ்டியிடம் வாங்கி, திரும்பவும் ஒரு மணி நேரம் பத்திரப்படுத்தும். நீங்கள் ஒன்றைத் துடைக்கத் துடைக்க மற்றது பழைய கதையையே சொல்லும். வேறு காரணத்துக்காக அது இருந்தே ஆக வேண்டுமென்றால், அதன் கான்ஃப் கோப்பில் பாஸ்டபிள்யூடி, குரூப் இரண்டுக்கும் 'எனேபிள்-கேஷ்' என்பதை 'நோ' ஆக்குங்கள்.

படி 3: எஸ்எஸ்எஸ்டி.கான்ஃப்

சர்வர் முகவரி, தேடல் அடிப்படை எல்லாம் உங்கள் சர்வர் நிர்வாகி தருவார், அதை விட்டுவிடுகிறேன். இந்தக் கோப்பின் டொமைன் பகுதியில் கவனிக்க வேண்டியவை:

'கேஷ்_கிரெடென்ஷியல்ஸ் = ட்ரூ'. இது இயல்பாக அணைந்திருக்கும். இதைப் போடாவிட்டால் லைன் இல்லாத நேரம் பெயர் தெரியும், பாஸ்வேர்ட் ஏறாது.

'எனுமரேட்'டைத் தொடவே வேண்டாம். மொத்தப் பட்டியலையும் இறக்கப் போய் 4ஜி டேட்டாவைத் தின்றுவிடும்.

'என்ட்ரி_கேஷ்_டைம்அவுட்'டை 60 விநாடிக்குக் குறைக்கச் சொல்லும் ஆலோசனைகள் உண்டு. மலைநாட்டு லைனுக்கு அது சரிவராது. 5400 இருக்கட்டும். அதில் பாதி நேரம் கடந்த பிறகு யாராவது கேட்டால், கையிலிருக்கும் பதிலை உடனே கொடுத்துவிட்டுப் பின்னணியில் புதுசு வாங்கி வைக்கும். பயனர் காத்திருக்க வேண்டியதில்லை.

கோப்பின் உரிமையாளர் ரூட், அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). இல்லாவிட்டால் சர்வீஸ் எழும்பாது. அப்புறம், எல்டாப் இணைப்பு டிஎல்எஸ் வழியாக இருக்க வேண்டும். மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் எஸ்எஸ்எஸ்டி பாஸ்வேர்டை அனுப்பாது.

படி 4: அளந்து பாருங்கள்

'டைம் கெட்என்ட் பாஸ்டபிள்யூடி' என்று அடித்து, பக்கத்தில் ஒரு மாணவர் பெயரைப் போடுங்கள். அதையே இரண்டாம் முறை அடியுங்கள். முதல் முறை கொழும்பு போய் வரும், இரண்டாவது உள்ளேயே முடிந்துவிடும். இல்லாத பெயரையும் எஸ்எஸ்எஸ்டி 15 விநாடி 'இல்லை' என்று நினைவில் வைக்கும். கணக்கைத் திறக்கும் முன்பே அவசரப்பட்டுத் தேடியவர்கள் கொஞ்சம் பொறுத்துத் திரும்பத் தேடுங்கள்.

படி 5: குரூப் மாறியபின் என்ன செய்வது

என்னை அதிகம் படுத்தியது இதுதான். ஒரு மாணவியை 'டிசைன்' குரூப்பில் சேர்த்தாகிவிட்டது. 'எஸ்எஸ்எஸ்_கேஷ் -யூ' என்று அடித்து அவர் பெயரைக் கொடுத்தேன். 'ஐடி' என அடித்துப் பெயரைப் போட்டால் புது குரூப் தெரிகிறது. அவரோ, "இன்னும் ஃபோல்டர் திறக்குதில்ல சேர்" என்கிறார். அவருடைய டெர்மினலில் பெயர் போடாமல் வெறும் 'ஐடி' அடித்துப் பார்த்தேன். குரூப்பைக் காணவில்லை.

இரண்டும் ஒரே கட்டளை, ஆனால் கேட்கும் இடம் வேறு. பெயரோடு கேட்டால் பதில் எஸ்எஸ்எஸ்டியிலிருந்து வருகிறது. பெயர் இல்லாமல் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஷெல்லின் குரூப் பட்டியலைக் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) காட்டுகிறது. அந்தப் பட்டியல் லாகின் நேரத்தில் ஒட்டப்பட்டது. எந்தக் கேஷைத் துடைத்தாலும் அது மாறாது, வெளியேறி மறுபடி உள்ளே வரத்தான் வேண்டும். அதனால் முதலில் இந்த இரண்டு 'ஐடி'யையும் ஒப்பிடுங்கள். பெயரோடு கேட்டபோதே குரூப் வரவில்லையென்றால் மட்டும் கேஷைத் தொடுங்கள்.

தொடும்போது 'எஸ்எஸ்எஸ்_கேஷ்' போதும். '/வார்/லிப்/எஸ்எஸ்எஸ்/டிபி'க்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 'எஸ்எஸ்எஸ்_கேஷ்' பதிவுகளைக் காலாவதி என்று குறிக்க மட்டுமே செய்யும். லைன் இல்லாவிட்டால் அந்தப் பழைய பதிவே கைகொடுக்கும். கோப்புகளை அழித்தால் சேமித்த பாஸ்வேர்ட் ஹாஷ்களும் (பாஸ்வேர்டைச் சரிபார்க்க வைத்திருக்கும் குறியீடுகள்) சேர்ந்து போய்விடும். மழை நாளில் அப்படிச் செய்தால், லைன் திரும்பும் வரை அந்தக் கம்ப்யூட்டரில் எந்த மாணவரும் நுழைய முடியாது.

படி 6: லைன் போனதுபோல நடித்துப் பாருங்கள்

ரவுட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. எஸ்எஸ்எஸ்டியின் முதன்மைப் ப்ராஸஸுக்கு 'சிக்யூஎஸ்ஆர்1' சிக்னல் அனுப்பினால் அது ஆஃப்லைன் நிலைக்குப் போகும். 'சிக்யூஎஸ்ஆர்2' அனுப்பினால் திரும்பி வரும். நடுவில் லாகின் செய்து பாருங்கள். இப்போது எந்த நிலை என்று 'எஸ்எஸ்எஸ்சிடிஎல் டொமைன்-ஸ்டேட்டஸ்' சொல்லும். அதற்கு எஸ்எஸ்எஸ்டி-டூல்ஸ் பொதி வேண்டும்.

பிற்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு டீச்சர், சில பிள்ளைகளுக்கு மட்டும் ஆஃப்லைன் லாகின் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். பாஸ்வேர்ட் ஹாஷ் அந்தந்தக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்கப்படும். லைன் இருக்கும்போது ஒரு முறையாவது அதே கம்ப்யூட்டரில் லாகின் செய்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரந்தர இடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போகும் லேப்டாப் என்றால் எஸ்எஸ்எஸ்டி.கான்ஃப் கோப்பின் பாம் பகுதியில் 'ஆஃப்லைன்_கிரெடென்ஷியல்ஸ்_எக்ஸ்பிரேஷன் = 7' போடுங்கள், அந்த 7 என்பது நாட்கள். இயல்பு மதிப்பு 0, அதாவது காலவரையறையே இல்லை.

இன்னொன்று: வெளியேறி உடனே உள்ளே வந்தும் பழைய குரூப்பே தெரிகிறது என்று தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். க்னோம் டெர்மினல் சிஸ்டம்டியின் பயனர் மேலாளருக்கு (ஒரு பயனரின் நிரல்களைப் பின்னணியில் நடத்தும் நிரல்) கீழே ஓடுகிறது. வெளியேறிய பிறகும் அந்த மேலாளர் இயல்பாக 10 விநாடி உயிரோடு இருப்பார். அதற்குள் நுழைந்தால் பழைய பட்டியலோடு அவரே தொடர்வார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) வழியாக இன்னொரு செஷன் திறந்திருந்தாலும் இதே கதைதான். சேமிக்காத வேலை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ரூட்டாக 'லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூஸர்' என்று அடித்து அந்தப் பயனரின் பெயரைக் கொடுங்கள். அதன் பிறகு லாகின் செய்தால் புது குரூப் வந்துவிடும்.