'வேலை இருந்தா சொல்லுங்கண்ணா': வெளிநாட்டில் ஆள் பிடித்து வேலை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமிருந்து கனடாவுக்குக் கிளம்புகிற பிள்ளைகள் அங்கே இருக்கும் தமிழர்களுக்கு எழுதும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வந்தால் ஒன்று தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் போனவர்கள் செய்த அதே தவறுகளை இன்று போகிறவர்களும் வரி மாறாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, புரொஃபைல் போட்டோவில் கூலிங் கிளாஸ் மாதிரியான சங்கதிகளை விட்டுவிடுவோம். அவற்றை யாராவது ஒருவர் பார்த்ததும் சொல்லித் திருத்திவிடுவார். டொராண்டோவில் வாடகை கட்டிக்கொண்டே மாதக்கணக்கில் சும்மா உட்கார வைக்கிற தவறுகள்தான் இங்கே.

முதல் செய்தியிலேயே வேலை கேட்பது

"வணக்கம் அண்ணா, நான் கோத்தகிரி. போன வாரம்தான் வந்தேன். ரெஸ்யூமே அனுப்பியிருக்கேன். ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா."

மரியாதைக்கு இதில் குறையில்லை. ஆனாலும் இதற்குப் பதில் வராது. வந்தாலும் "பார்க்கிறேன் தம்பி" என்பதோடு நிற்கும். உடனே "மேல போனதும் நம்ம ஆளுங்களுக்குத் தலைக்கனம்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது தப்பு.

அந்த அண்ணன் பக்கமிருந்து பாருங்கள். அவர் ஒரு உணவுத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் வேலை எதுவும் இல்லை. அவரால் செய்ய முடிவது ஒன்றுதான்: கம்பெனி தளத்தில் வந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, அதன் எண்ணைப் போட்டு, உங்கள் பெயரைச் சிபாரிசு செய்யலாம். அப்படிச் செய்யும்போது வழக்கமாக இரண்டு கேள்விகள் வரும். இவரை எப்படித் தெரியும்? இவர் வேலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இரண்டுக்கும் அவரிடம் பதில் இல்லை. பொய்யாக எழுதினால் நாளைக்கு மேனேஜர் முன்னால் கெடுவது அவர் பெயர். அதனால் தள்ளிப்போடுகிறார். ஒரு வாரம் போனால் பதில் போடவில்லையே என்ற சங்கடம் வேறு. அதற்குப் பிறகு நீங்கள் என்ன அனுப்பினாலும் அவர் திறப்பதில்லை.

ஒரே இரவில் அறுபது பேருக்கு மேல் இதே செய்தியை அனுப்பிய ஒரு பையன் உண்டு. அறுபது கதவையும் ஒரே ராத்திரியில் சாத்திக்கொண்டான். திறமையான எலக்ட்ரீசியன் அவன். அதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

வேலை கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்த, அவர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய ஒரு விஷயத்தைக் கேளுங்கள். இப்படி:

"வணக்கம். நான் குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரியில் நான்கு வருஷம் ஷிப்ட் பார்த்தவன். ஆகஸ்டில் டொராண்டோ வருகிறேன். நீங்கள் உணவுத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருப்பதைப் பார்த்தேன். புதிதாக ஆள் எடுக்கும்போது அங்கே முதலில் எந்தச் சான்றிதழைப் பார்க்கிறார்கள் என்று உங்களிடம் கேட்கவேண்டும். பதினைந்து நிமிஷம் பேச முடியுமா? வியாழனோ சனியோ, உங்கள் ஊர் காலை ஒன்பது மணிக்கு நான் தயார்."

ரெஸ்யூமே இணைக்க வேண்டாம். அவரே கேட்டால் அனுப்புங்கள். பேச்சில் நான்கு கேள்விகள் போதும். நீங்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? என் அனுபவத்தில் இங்கே எது எடுபடும்? உங்கள் இடத்தில் நேரடியாக ஆள் எடுக்கிறார்களா, ஏஜென்சி வழியாகவா? நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது? கடைசிக் கேள்வியை மறந்தால் முன்னால் கேட்ட மூன்றும் பாதிப் பலன்தான், ஏனென்றால் அடுத்த இரண்டு பெயர்கள் அதிலிருந்துதான் வரும். பதினைந்து நிமிஷம் ஆனதும் "நீங்கள் சொன்ன நேரம் முடிந்தது" என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்குப் பேச மனம் இருந்தால் அவரே தொடர்வார்.

அன்றைக்கே நன்றி எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, அவர் சொன்னதில் என்ன செய்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். "நீங்கள் சொன்ன பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டேன்" என்று ஒரு வரி வந்தால், அந்த இரண்டு கேள்விக்கும் அவரிடம் இப்போது பதில் இருக்கிறது. இதற்குப் பிறகு வேலை எண்ணோடு போய் "இதற்கு என் பெயரைக் கொடுக்க முடியுமா" என்று கேட்கலாம். அது உரிமையோடு கேட்கிற கேள்வி.

இதிலேயே இன்னொரு குழி. விண்ணப்பத்தை முதலில் தானே போட்டுவிட்டு, பிறகு ரெஃபரல் கேட்பது. பல நிறுவனங்களில் உங்கள் பெயரில் விண்ணப்பம் ஏறிவிட்டால் ஊழியரின் சிபாரிசு அதோடு சேராது. முதலில் கேளுங்கள், இரண்டு நாள் பொறுங்கள், கடைசித் தேதி நெருங்கினால் மட்டும் நேராகப் போடுங்கள்.

நம்ம ஆட்களோடு மட்டுமே இருப்பது

மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பல, முன்னாலேயே நீலகிரிக்கு வந்துவிட்ட சொந்தக்காரர்களின் பேச்சைக் கேட்டுத்தான் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து சேர்ந்தன. தங்க இடமும் முதல் கூலியும் அந்த உறவால் கிடைத்தது. அந்த உறவுக்குத் தெரிந்த வேலை தேயிலைக் காட்டு வேலை மட்டும்தான் என்பதும் உண்மை. ஊர்க்கார வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். அறை கிடைக்கும், பழைய ஜெர்கின் கிடைக்கும், ஆபத்துக்கு ஆள் வரும். வேலை என்று வந்தால் எல்லோருக்கும் தெரிந்தது அதே மூன்று கிடங்குகள்.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். தூரத்துப் பழக்கமோ நாம் போகாத இடங்களில் புழங்குகிறது. அதனால் வாரத்தில் பேசுகிற ஐந்து பேரில் மூன்று பேராவது ஊருக்கும் மொழிக்கும் வெளியே இருக்கட்டும்: தொழில் சங்கக் கூட்டம், தன்னார்வ வேலை, பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலி. நிரந்தர வாசம் பெற்றுப் போகிறவர்களுக்கு, கனடிய அரசு பணம் கொடுத்து நடத்தும் குடியேறிகள் உதவி மையங்களில் வேலை தேடும் உதவி இலவசம். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அது பொதுவாகக் கிடையாது. அவர்கள் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இங்கத்திய பதவிப் பெயரை அப்படியே சொல்வது

"டீ ஃபேக்டரி சூப்பர்வைசர்" என்றால் குன்னூரில் டீக்கடைக்காரருக்கும் புரியும், ஒன்டாரியோவில் புரியாது. தேநீர்க் கடை என்று நினைத்துக்கொள்வார்கள். செய்த வேலையை அளவோடு சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 15,000 கிலோ பச்சை இலை உள்ளே வரும், சுமார் 3,500 கிலோ தூள் வெளியே போகும், ஒரு ஷிப்டில் இத்தனை பேர் என் பொறுப்பு. டிரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரப்பதம் 3 சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இலையை நசுக்கி நறுக்கும் சி.டி.சி. ரோலரின் பல் தேய்ந்தால் கழற்றிக் கூர்போட அனுப்பி மாட்டியிருக்கிறேன். இப்படிச் சொன்னால் பிஸ்கட் கம்பெனிக்காரருக்கும் நீங்கள் யார் என்று தெரியும். ஹாசப் உணவுப் பாதுகாப்பு முறையில் வேலை செய்திருந்தால் அதை முதல் வரியில் வையுங்கள்.

விமானம் ஏறிய பிறகு ஆரம்பிப்பது

மூன்று மாதம் முன்னாலேயே பேசத் தொடங்குங்கள். டொராண்டோவில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, அவர்கள் குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் இது மாறும். அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் தவறவிட்டவர்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கரண்டும் சிக்னலும் போகும் என்பதால் ஜூன், ஜூலையில் பேசுகிறவர்கள் டவுனில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து பேசுவது நல்லது.

ரெஸ்பெக்டட் சார்

கடிதத்தை இப்படித் தொடங்காதீர்கள். கனடாவில் பெயர் சொல்லி எழுதுங்கள். ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, திருமண நிலை, அப்பா பெயர் எதுவும் வேண்டாம்.

பதிவு வாங்காத நர்ஸ்கள் ஆள் தேடுவது

பிரிட்டனில் என்.எம்.சி. என்ற செவிலியர் கவுன்சிலின் பதிவு, ஜெர்மனியில் தகுதி அங்கீகாரம், ஒன்டாரியோவில் 'காலேஜ் ஆஃப் நர்சஸ்' பதிவு (பெயர்தான் காலேஜ், அது நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு). இது இல்லாமல் எத்தனை பேரைத் தெரிந்தாலும் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க முடியாது.

பணம் கொடுத்துச் சிபாரிசு வாங்குவது

வேண்டாம். ஒன்டாரியோவில் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் வேலை பிடித்துத் தரக் கட்டணம் வாங்குவதே சட்டவிரோதம். 2025 மார்ச் 25 முதல், கனடாவில் நிரந்தர வாசத்துக்கான புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்கான கூடுதல் புள்ளியும் இல்லை. அந்தப் புள்ளியைக் காட்டிக் கடிதம் விற்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வேலை கிடைத்ததும் சொல்லாமல் விடுவது

ஒரு நோட்டில் தேதி, பெயர், அவர் சொன்னது, நீங்கள் செய்கிறேன் என்றது நான்கையும் எழுதி வாருங்கள். வேலை கிடைத்த வாரமே அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். அவர்களில் ஒருவர் உங்களுக்காக இன்னும் யாரிடமாவது சொல்லி வைத்திருக்கலாம்.