கல்லூரி விளையாட்டுத் தகுதி: ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கும் கணக்கு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை நீச்சலிலோ டென்னிசிலோ தேறி வருவதைக் கண்டதும், கல்லூரி அணியைக் கனவு காணும் பெற்றோர் பலர் முதலில் வீடியோ எடுக்கத் தொடங்குகிறார்கள். அது பிறகு ஆகட்டும். முதலில் கையில் எடுக்க வேண்டியது பள்ளியின் மதிப்பெண் பட்டியல். பயிற்சியாளர் எவ்வளவுதான் விரும்பினாலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையம் ஒப்புதல் தராவிட்டால், முதல் இரண்டு பிரிவுகளைச் சேர்ந்த கல்லூரிகளில் பிள்ளை முதல் ஆண்டில் போட்டியில் இறங்க முடியாது.

படி 1: எந்தப் பிரிவு என்று பாருங்கள்

என்.சி.ஏ.ஏ.வில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டு உதவித்தொகை உண்டு. மூன்றாம் பிரிவில் கிடையாது. ஆனால் அங்கே படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி கிடைக்கலாம். கல்வித் தகுதியையும் அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்கிறது. முதல் பிரிவில் இருந்தும், ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை என்பது நம்மவர் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. என்.ஏ.ஐ.ஏ. என்னும் மற்றொரு கல்லூரி விளையாட்டு அமைப்புக்குத் தனிப் பதிவு மையம் இருக்கிறது.

படி 2: பதினாறு பாடங்களை எண்ணுங்கள்

முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாட அலகுகள் தேவை: ஆங்கிலம் 4, ஆல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேற்பட்ட கணிதம் 3, அறிவியல் 2, இம்மூன்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, இவற்றிலிருந்தோ அயல்மொழி, தத்துவம் போன்றவற்றிலிருந்தோ மேலும் 4. உடற்கல்வி கணக்கில் வராது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்.சி.ஏ.ஏ. ஏற்ற பாடங்களின் பட்டியல் இணையத்தில் உள்ளது. பாடத்தின் பெயர் அதில் இல்லையென்றால் அது எவ்வளவு கடினமான பாடமாக இருந்தாலும் பயனில்லை. எட்டாம் வகுப்பிலேயே ஆல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளைகள், அந்தப் பாடம் கிரேடுடனும் கிரெடிட்டுடனும் உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலில் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் பலர் இடறுவது ஒரு காலக்கெடுவில்தான். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன் இந்தப் பதினாறில் 10 முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் இருக்க வேண்டும். அதன்பின் அந்தப் பத்தில் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்து மதிப்பெண்ணை உயர்த்த வழியில்லை. எனவே கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இங்கே செல்லாது.

படி 3: ஜி.பி.ஏ.வை நீங்களே கணக்கிடுங்கள்

பள்ளி காட்டும் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) வேறு, தகுதி மையம் போடும் ஜி.பி.ஏ. வேறு. மையம் அடிப்படைப் பாடங்களை மட்டும் எடுத்து, ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1 என்று மதிப்பிடுகிறது. கிரேடுக்குப் பக்கத்திலுள்ள பிளஸ், மைனஸ் குறிகளைப் பொருட்படுத்துவதில்லை. முதல் பிரிவில் போட்டியிட 2.3, இரண்டாம் பிரிவில் 2.2 வேண்டும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் தேவை 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது.

ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். 5 பாடங்களில் பி, 11 பாடங்களில் சி என்றால் 15-உம் 22-உம் சேர்ந்து 37. பதினாறால் வகுத்தால் 2.31. முதல் பிரிவுக்கு மயிரிழையில் தப்பியாயிற்று. அந்த சி-க்களில் ஒன்று டி ஆகிவிட்டால் 36, அதாவது 2.25. இரண்டாம் பிரிவுக்கு அது போதும். முதல் பிரிவிலோ, மற்ற நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், உதவித்தொகை பெறலாம், பயிற்சியில் கலந்துகொள்ளலாம், முதல் ஆண்டில் போட்டியிட மட்டும் முடியாது. ஒரே ஒரு கிரேடு ஓராண்டை விழுங்கிவிடுகிறது.

படி 4: கணக்கைத் தொடங்குங்கள்

தகுதி மையத்தின் தளத்தில் முதலில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, முதல் அல்லது இரண்டாம் பிரிவு என்று உறுதியானபின் கட்டணக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. மதிப்பெண் பட்டியலை நீங்கள் அனுப்பக் கூடாது. பள்ளி ஆலோசகர் அனுப்புவதையே மையம் ஏற்கும்.

படி 5: பயிற்சியாளருக்கு எழுதுங்கள்

மாணவர் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பயிற்சியாளர் எப்போது பதில் தரலாம் என்பதற்குத்தான் விதி. முதல் பிரிவின் பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15-ஆம் தேதிதான் அந்த நாள். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றுக்குத் தனி நாட்காட்டி உண்டு. அதுவரை பதில் வரவில்லை என்றால் ஆர்வமில்லை என்று பொருளல்ல.

மடல் குறுகியதாகவும் மாணவரே எழுதியதாகவும் இருக்க வேண்டும். அப்பா எழுதிய மடலைப் பயிற்சியாளர்கள் இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். பள்ளி முடிக்கும் ஆண்டு, சிறந்த நேரம், ஜி.பி.ஏ., வீடியோ இணைப்பு ஆகியவை போதும். நீச்சல் வீரர்கள், அந்த நேரம் யார்டு குளத்தில் எடுத்ததா மீட்டர் குளத்தில் எடுத்ததா என்று குறிப்பிடாவிட்டால் எண் பொருளற்றுப் போகும். இங்கே கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் யார்டு குளத்தில்தான் நடக்கின்றன. கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் வீரர்களுக்கான படிவம் இலவசமாகவே கிடைக்கும்போது, இடைத்தரகு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

படி 6: வாக்குறுதியும் வருமானமும்

வாய்மொழி வாக்குறுதி யாரையும் கட்டுப்படுத்தாது. முன்பு கல்லூரியில் சேர உறுதியளித்து வீரர்கள் கையெழுத்திட்ட தேசிய விருப்பக் கடிதம் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டுவிட்டதால், இப்போது கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தத்தையே வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும். 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் எச்-4 (பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) அல்லது எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது குடியேற்றச் சிக்கலாக மாறக்கூடும். எனவே வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் கல்லூரியில் சேர்பவர், அதற்கு முந்தைய ஏப்ரல் 1 முதல் தம் கணக்கில் உள்நுழைந்து, தொழில்முறை வீரர் அல்லர் என்பதற்கான இறுதிச் சான்றைக் கோரலாம். பள்ளிப் படிப்பு முடிந்த வாரத்திலேயே, பட்டம் பெற்ற தேதி பதிவான இறுதி மதிப்பெண் பட்டியலை ஆலோசகர் அனுப்பிவிட்டாரா என்று கேட்டுவிடுங்கள். ஜூலையில் பள்ளி அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்க மாட்டார்கள்.