வலி மாத்திரையை விழுங்கும் முன்: செயல், பயன், பக்கவிளைவு மூன்றையும் அறியும் முறை

காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் மருந்துக்கடையில் நாம் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று பாராசிட்டமால். மற்றது, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் எனப்படும் இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஆஸ்பிரின் முதலியவை. இந்த இரண்டாம் வகையில் வலியைத் தணிக்கும் அதே செயல்தான் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. ஆகவே மருந்து உடலில் எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், அது யாருக்கு உதவும், யாருக்குத் தீங்கு செய்யும் என்பதைப் பெருமளவு நீங்களே உய்த்துணர முடியும்.

முதலில் அட்டையைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதற்கு அருகில் சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் இருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சிறிய எழுத்து. டோலோ, கால்பால், குரோசின் என்று மூன்று பெயர்களில் வீட்டில் இருப்பது ஒரே பாராசிட்டமாலாக இருக்கலாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும், முதுகுவலிக்குத் தரப்படும் அசிக்ளோஃபினாக் கூட்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் சேர்ந்தே வருகிறது. இதை அறியாமல் காய்ச்சல் மாத்திரையையும் சளி மாத்திரையையும் முதுகுவலி மாத்திரையையும் ஒரே நாளில் போட்டுக்கொள்பவர், ஒரே மருந்தை மூன்று மடங்கு உட்கொள்கிறார். அட்டையிலிருந்து பிரித்து, காகிதப் பொட்டலத்தில் ‘ஒரு செட்’ என்று கொடுக்கப்படும் மாத்திரைகளை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெயரும் அளவும் காலாவதித் தேதியும் தெரியாத மருந்தைப் பற்றி, பின்னால் ஏதேனும் நேர்ந்தால், மருத்துவரிடம் சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்து, மருந்தின் செயலை அறிய வேண்டும். உடலில் காயமோ தொற்றோ ஏற்பட்டால் திசுக்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளை மிகுதியாக உண்டாக்குகின்றன. அது நரம்பு முனைகளின் உணர்வைக் கூட்டி வலியை அதிகப்படுத்துகிறது. அந்த இடத்தை வீங்கிச் சிவக்கச் செய்கிறது. மூளையில் வெப்பநிலையை ஆளும் பகுதியில் செயல்பட்டுக் காய்ச்சலை உண்டாக்குகிறது. இதை உருவாக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியைத்தான் இபுபுரோஃபென் வகை மருந்துகள் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இவ்வழியில் செயல்படுவதை 1971இல் கண்டறிந்த ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுளுக்கு, மூட்டுவீக்கம், மாதவிடாய் வலி ஆகியவற்றில் இம்மருந்துகள் நன்றாகக் கேட்பதற்கும் காரணம் இதுவே. பாராசிட்டமாலோ பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் செயல்படுகிறது. வீங்கிய திசுவில் அதன் விளைவு மிகக் குறைவு. எனவே காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் அது போதும். வீக்கத்தை அது வற்றச் செய்யாது.

இப்போது பக்கவிளைவுக்கு வருவோம். புரோஸ்டாகிளாண்டின் நோய்க்காலத்தில் மட்டும் தோன்றும் பொருள் அன்று. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கும் சளிப்படலத்தைப் பேணுவதும், உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் செல்லும் இரத்தக்குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுதான். வலிக்காக அதை நிறுத்தும்போது இந்தக் காப்பும் கூடவே நின்றுவிடுகிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை தவறு. மருந்து இரத்தத்தின் வழியாகவும் இரைப்பைச் சுவரை அடைகிறது. அதனாலேயே, சாப்பிட்ட பின் மாத்திரை போடுவது எரிச்சலைக் குறைக்குமே தவிர, புண் வராமல் முற்றிலும் காக்காது. மலம் தார்போல் கறுத்துப் போனாலோ இரத்த வாந்தி வந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேதம் வலியில்லாமல் வருகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நாள் முழுவதும் வேலை ஆகியவற்றால் நீர் வற்றியிருக்கும் உடலில் இம்மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். வயல்வேலையும் கட்டட வேலையும் முடித்து வந்து, உடம்புவலிக்கென்று தினமும் ஒரு மாத்திரை போடும் வழக்கம் இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிடத்தக்கது. இரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் அல்லது டெல்மிசார்டன் போன்ற மருந்தையும், அதனுடன் சிறுநீர்பெருக்கி மாத்திரையையும் உட்கொள்பவர் வலி மாத்திரையையும் சேர்த்துக்கொண்டால், மூன்றும் ஒருங்கே சிறுநீரகத்தை அழுத்தித் திடீர்ச் செயலிழப்பில் கொண்டுவிடக்கூடும். இபுபுரோஃபென் வகை மருந்துகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் செய்யும். இதயநோய் உள்ளவர்கள் டைக்ளோஃபினாக்கைத் தவிர்க்க வேண்டும்.

டெங்கு பரவும் காலத்தில் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள். டெங்குவில், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைகின்றன. இம்மருந்துகள் மீதியுள்ள தட்டணுக்களின் செயலையும் தடுத்து இரத்தக்கசிவுக்கு வழிசெய்யும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இவை மூச்சுத்திணறலைத் தூண்டும். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பின், மருத்துவர் சொன்னாலன்றி, இவற்றை எடுக்கக் கூடாது. கருவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம்.

இதயத்துக்காக 75 மி.கி. ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை அதன் ஆயுள் முழுவதற்கும், அதாவது 7 முதல் 10 நாள் வரை, செயலிழக்கச் செய்கிறது. இபுபுரோஃபென் அதற்கு முன் தட்டணுவின் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியில் இடம்பிடித்துவிட்டால் ஆஸ்பிரினால் அங்கே ஒட்ட முடியாமல் போய், இதயத்துக்குக் கிடைத்துவந்த பாதுகாப்பு குறைகிறது. இத்தகையவர்கள் சாதாரண வலிக்குப் பாராசிட்டமாலையே நாடுவது நல்லது. ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

பாராசிட்டமாலின் ஆபத்து வேறு வகையானது. அது முழுக்க அளவைப் பொறுத்தது. அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. சிறு பகுதி நச்சுப்பொருளாக மாறுகிறது. அதைக் கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் உடனுக்குடன் முறிக்கிறது. அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களை அழிக்கத் தொடங்கும். பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி. வரை, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டாமல் எடுக்கலாம், 650 மி.கி. மாத்திரையானால் ஒரு வேளைக்கு ஒன்று வீதம் ஆறு என்பதே உச்ச வரம்பு. மது அருந்துபவர், மெலிந்த உடலினர், கல்லீரல் நோயாளி ஆகியோருக்கு வரம்பு இன்னும் குறைவு. அதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அளவு மீறி உட்கொண்டவர் முதல் நாள் நலமாகவே தோன்றலாம். கல்லீரல் சேதம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்தே வெளிப்படும். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் மிக நன்றாக வேலை செய்கிறது. எனவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

குழந்தைக்குப் பாராசிட்டமாலை வயதை வைத்து அல்ல, எடையை வைத்தே கணக்கிட வேண்டும்: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு அதிக அளவு 150 மி.கி. என்றால், 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது ஏறத்தாழ 6 மி.லி.; 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி. மட்டுமே. பாட்டிலை மாற்றியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். சமையல் கரண்டியால் அளக்காமல், கூடவே வரும் மூடியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த மருந்துக்குப் பின்னும் தோலில் தடிப்பு, முகவீக்கம், வாயில் புண், மூச்சுத்திணறல் தோன்றினால் அடுத்த வேளை மருந்தைப் போடாமல் உடனே சிகிச்சை பெறுங்கள். அந்த மருந்தின் பொதுப்பெயரை எழுதி வைத்து, இனிச் சந்திக்கும் எல்லா மருத்துவரிடமும் சொல்லுங்கள். இந்தியாவில் மருந்தின் பக்கவிளைவுகளைப் பொதுமக்களும் தெரிவிக்கலாம். அதற்கான கட்டணமில்லாத எண் 1800-180-3024. தெரிவிக்கும்போது மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் கேட்பார்கள் என்பதால், மாத்திரை தீர்ந்தாலும் அட்டையைச் சில நாள் எறியாமல் வைத்திருங்கள்.