ப்ரீஆம்ப் மேல் பழி போடும் முன்

வீட்டில் குரல் பதிவு செய்யத் தொடங்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் அந்தச் சந்தேகம் வந்துவிடும். பேச்சுக்குப் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். மைக் நல்ல மைக். அப்படியானால் குற்றவாளி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இண்டர்ஃபேசுக்குள் இருக்கும் மலிவான ப்ரீஆம்ப்தான். நானும் அப்படித் தீர்ப்பு எழுதி, விலை உயர்ந்த ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கினேன். இரைச்சல் அசையவில்லை. அது மேசைக்கு அடியில் இருந்த கணினியின் மின்விசிறி.

ப்ரீஆம்பின் வேலை எளிமையானது. மைக் தரும் சில மில்லிவோல்ட் அலையை ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்குத் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். இதைச் சுத்தமாகச் செய்ய இன்று ஒரு சின்ன சிப் போதும். 150 ஓம் மின்தடை ஒன்று சும்மா இருந்தாலே, வெப்பத்தால் சுமார் -131 டிபியு இரைச்சலைத் தரும். டிபியு என்பது மின் அலையின் அளவைச் சொல்லும் டெசிபல் அலகு; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அமைதி. மைக்கின் மின்மறுப்பும், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது தரும் தடையும், அந்த அளவில்தான் இருக்கும். எவ்வளவு செலவழித்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. நல்ல மலிவு இண்டர்ஃபேஸ்கள் -125 முதல் -128 வரை வந்துவிட்டன. ஆக, விலை உயர்ந்தது இரைச்சலில் வெல்ல மிச்சமிருப்பது சில டெசிபல் மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒருவர் காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிட்டு அளந்திருப்பார், இன்னொருவர் எடையிடாமல். ஒருவர் 150 ஓம் இணைத்து அளப்பார், இன்னொருவர் உள்ளீட்டைக் குறுக்கிணைத்துவிட்டு அளப்பார். இந்த வித்தியாசமே சில டெசிபலை விழுங்கிவிடும். எப்படி அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அடுத்த தவறு, மைக்கை மறந்துவிட்டு ப்ரீஆம்பை மட்டும் பார்ப்பது. அமைதியான அறையின் ஓசை 30 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 20 மில்லிவோல்ட் தரும் கண்டென்சர் மைக்கில் அந்த அறை ஓசையே ஏறக்குறைய -96 டிபியு. -125 ப்ரீஆம்பின் இரைச்சல் அதற்கும் 29 டெசிபல் கீழே புதைந்து கிடக்கும், காதுக்கு எட்டாது. ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக் தருவதோ 1.12 மில்லிவோல்ட்தான். அதில் அதே அறை ஓசை -121 டிபியு. இப்போது ப்ரீஆம்ப் வெறும் 4 டெசிபல் கீழே நிற்கிறது. மெல்லிய குரலில் பேசுபவருக்கு 60 டெசிபல் கெயின், அதாவது பெருக்கம், வேண்டியிருக்கும். மலிவானதும் உயர்ந்ததும் பிரியும் இடம் இதுதான். மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக்குக்கும் இதே கதைதான். அங்கே ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு குறைவாக இருந்தால் ஒலியின் தன்மையும் மாறும்.

இந்த மைக்குகளுக்காக நடுவில் மாட்டும் சிறிய பூஸ்டர்கள் உண்டு. அவற்றுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம், தேவை. பெரும்பாலானவை அதைத் தாங்களே எடுத்துக்கொண்டு மைக்குக்கு அனுப்பாது. அந்த மின்சாரம் இல்லாமல் ஓடாத கண்டென்சர் மைக்கோடு மாட்டிவிட்டு, மைக் செத்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு.

அப்புறம், இரண்டு ப்ரீஆம்ப்களை ஒப்பிடும் விதம். பெரும்பாலும் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருக்கும். சத்தமானதைத்தான் மனம் 'தெளிவு', 'ஆழம்' என்று மெச்சும். ஒரே பாடகர் இரண்டு முறை பாடினால் அது இரண்டு வேறு பாட்டு; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே பதிவை ஸ்பீக்கரில் ஓட்டி, மைக்கை அசைக்காமல், இரண்டின் அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தி, எது எது என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது என் பணத்தை நினைத்து வருத்தம்தான் வந்தது.

சரி, உயர்ந்தவை வீண்தானா? இல்லை. 1970-இல் வந்த நீவ் 1073 என்ற ப்ரீஆம்பை இன்றும் தேடுவது அது சுத்தமானது என்பதற்காக அல்ல. அதன் உள்ளேயும் வெளியேயும் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள், சற்று அழுத்தி ஓட்டும்போது ஒலிக்கு ஒரு சாயம் ஏற்றுகின்றன. சாயம் என்றால் நேர்த்தியான சிதைவு. அது வேண்டுமென்றால் காசு கொடுக்கலாம். 'சுத்தம்' வேண்டி அதை வாங்குவதுதான் தவறு.

வாங்கிய பிறகும் ஒரு குழி இருக்கிறது. தனி ப்ரீஆம்பின் வெளியீட்டை இண்டர்ஃபேசின் மைக் உள்ளீட்டில் செருகுவார்கள். ஏற்கெனவே தூக்கிய அலை, எதை வேண்டாம் என்று ஒதுக்கினீர்களோ அதே மலிவு ப்ரீஆம்ப் வழியாக மறுபடி போகும், உடைந்தும் போகும். ஏற்கெனவே பெருக்கிய அலைக்கான லைன் உள்ளீட்டில்தான் செருக வேண்டும். சில இண்டர்ஃபேஸ்களில் லைன் உள்ளீடும் அலையைக் குறைத்து அதே ப்ரீஆம்ப் வழியாகத்தான் விடும், அதனால் கையேட்டைப் பாருங்கள்.

எதையும் வாங்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 30 சென்டிமீட்டர் தள்ளிப் பேசுகிறவர் 15-க்கு வந்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அடி ஒலியும் சேர்ந்து கூடும், 'ப'கரம் வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.