திறந்துகிடக்கும் விண்டோக்களை மேய்ப்பது எப்படி?

ஏதோ ஒரு தேர்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறீர்கள். பிரவுசரில் படிவம் திறந்திருக்கிறது. மதிப்பெண் பட்டியல் பிடிஎஃப்-ஆக இன்னொரு விண்டோவில். முகவரியும் பதிவெண்ணும் நோட்பேடில். ஒரு கட்டத்தை நிரப்ப, பிரவுசரைச் சுருக்கி, பிடிஎஃப்-ஐத் தேடி, எண்ணைப் பார்த்து, மறுபடி பிரவுசரைத் தேடி... எண்ணே மறந்துபோய்விடும். இந்த மூன்றையும் வைத்தே பழகுவோம். விண்டோஸ் 11-ஐ மனதில் வைத்து எழுதுகிறேன். பெரும்பாலானவை விண்டோஸ் 10-லும் அப்படியே வேலை செய்யும்.

முதலில் ஆல்ட் + டேப்

இதை ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

1. ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.
2. டேப் கீயை ஒரு முறை தட்டுங்கள். ஆல்ட்டை இன்னும் விட வேண்டாம். திறந்திருக்கும் விண்டோக்கள் சின்னச் சின்னப் படங்களாகத் தெரியும்.
3. டேப்பைத் தட்டத் தட்ட, தேர்வுக் கட்டம் அடுத்தடுத்த படத்துக்கு நகரும். தாண்டிப் போய்விட்டால் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்து டேப்பைத் தட்டினால் பின்னால் வரும்.
4. வேண்டியது வந்ததும் ஆல்ட்டை விடுங்கள்.

அந்தப் படங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எதைக் கடைசியாகப் பயன்படுத்தினீர்களோ அது முன்னால் இருக்கும். முதல் படம் இப்போது நீங்கள் இருக்கும் விண்டோ. இரண்டாவது, சற்றுமுன் வரை இருந்த விண்டோ. ஆகவே ஆல்ட் + டேப்பைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டி விட்டால் முந்தைய விண்டோவுக்குப் போவீர்கள்; இன்னொரு தட்டில் திரும்பி வருவீர்கள். படிவம், பிடிஎஃப், படிவம், பிடிஎஃப் என்று படத்தைப் பார்க்காமலே போய்வரலாம்.

மூன்று விண்டோ என்றால்? ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப்பை இரண்டு முறை தட்டி விடுங்கள். மூன்றாவதாக நின்றது முன்னால் வரும், மற்ற இரண்டும் ஓரிடம் பின்னால் நகரும். அதனால் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மூன்றும் சுற்றிச் சுற்றி வரும். இப்போதே செய்து பாருங்கள்; படித்தால் குழப்பமாகத் தோன்றும், விரலுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

பிரவுசருக்குள் திறந்திருக்கும் பக்கங்களுக்கு (அவற்றுக்கும் டேப் என்றுதான் பெயர்) நடுவே மாற கண்ட்ரோல் + டேப். இதையும் ஆல்ட் + டேப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஆல்ட் வெளியே, கண்ட்ரோல் உள்ளே. நீங்கள் எட்ஜ் பிரவுசர் பயன்படுத்துபவராக இருந்தால் அதன் டேப்களும் ஆல்ட் + டேப் பட்டியலில் வந்து கூட்டம் போடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் மல்ட்டிடாஸ்கிங் என்று போய் அதை நிறுத்திவிடுங்கள். நான் புதுக் கணினியில் முதலில் செய்யும் வேலைகளில் இது ஒன்று.

டாஸ்க்பாரில் இருந்து நேராகப் போக

கீபோர்டின் இடது ஓரத்தில், கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவே நான்கு கட்டச் சின்னம் போட்ட கீ இருக்கும். அதுதான் விண்டோஸ் கீ. அதோடு 1-ஐ அழுத்தினால் டாஸ்க்பாரில் (திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக இருக்கும் பட்டை) முதலில் இருக்கும் செயலி, 2-ஐ அழுத்தினால் இரண்டாவது. ஸ்டார்ட், தேடல் ஐகான்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தினமும் பயன்படுத்தும் செயலிகளை டாஸ்க்பாரில் நிலையாகப் பொருத்தி (pin) வைத்தால் அவற்றின் எண் மாறாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்

பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலைக்கு, மாறி மாறிப் போவதைவிட இரண்டையும் ஒரே திரையில் வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் 7 வந்த 2009-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஆனாலும் மவுஸால் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்து அளவு சரிசெய்கிறவர்கள் இன்றும் உண்டு.

1. படிவம் இருக்கும் விண்டோவுக்குப் போங்கள்.
2. விண்டோஸ் கீ + இடது அம்புக்குறி. விண்டோ திரையின் இடது பாதியில் ஒட்டிக்கொள்ளும்.
3. மற்ற விண்டோக்கள் வலது பக்கம் சிறு படங்களாக வரும். பிடிஎஃப்-ஐக் கிளிக் செய்யுங்கள். அது வலது பாதியை நிரப்பும்.
4. நடுக்கோட்டை மவுஸால் இழுத்தால் ஒன்று அகலமாகும், மற்றது அதற்கேற்பக் குறுகும்.

விண்டோஸ் 11-ல் விண்டோஸ் கீ + இசட் அழுத்தினால் மூன்று, நான்காகப் பிரிக்கும் அமைப்புகளும் கிடைக்கும். பெரிய மானிட்டர் இருந்தால் சரி. சாதாரண லேப்டாப் திரையை நான்காகப் பிரித்தால் எதையும் படிக்க முடியாது. இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒதுக்க

விண்டோஸ் கீ + டி (D). எல்லாம் கீழே போய் டெஸ்க்டாப் தெரியும்; அதையே மறுபடி அழுத்தினால் பழையபடி வந்துவிடும். நடுவில் வேறு எதையாவது திறந்துவிட்டால் அப்படித் திரும்பாது.

அலுவலக வேலை ஒருபுறம், சொந்த வேலை ஒருபுறம் என்று பிரிக்க நினைத்தால் விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + டி (D) ஒரு புது டெஸ்க்டாப்பைத் திறக்கும். விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + இடது, வலது அம்புக்குறிகளால் அவற்றுக்கு நடுவே மாறலாம். இதனால் கணினி வேகமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கம் திறந்திருப்பவையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

விண்டோ திரைக்கு வெளியே போய்விட்டால்

புரொஜெக்டரையோ இரண்டாவது மானிட்டரையோ கழற்றியபின் சில நேரம் இப்படி ஆகும். ஆல்ட் + டேப்பில் படம் தெரியும், தேர்ந்தெடுத்தால் திரையில் வராது. மூடித் திறக்கத் தேவையில்லை.

1. ஆல்ட் + டேப்பில் அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள்.
2. ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம். (விண்டோஸ் கீ + ஸ்பேஸ் அல்ல. அது கீபோர்டு மொழியைத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிவிடும்.) வேறு ஏதாவது செயலி திறந்துகொண்டால், ஷிஃப்ட்டைப் பிடித்தபடி டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்து, வரும் பட்டியலில் மூவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒரு முறை தட்டுங்கள். இப்போது மவுஸை நகர்த்தினால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். கிளிக் செய்தால் அங்கேயே நிற்கும்.

மூவ் மங்கலாக இருந்தால் அந்த விண்டோ முழுத்திரை அளவில் இருக்கிறது என்று அர்த்தம். அதே பட்டியலில் ரீஸ்டோரை அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.