கடைமடைக் கருவியில் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 செப்டம்பர் 30 அன்று, இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருப்பது) காலாவதியானது. மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் நீர்மட்டம் அளக்க நாங்கள் வைத்திருந்த லினக்ஸ் கருவிகள் அன்றோடு சர்வருடன் பேச்சை நிறுத்திவிட்டன. புது ரூட் சான்றிதழ் அவற்றில் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 (மறையாக்கத்தையும் சான்றிதழ் சரிபார்ப்பையும் செய்யும் லைப்ரரி), சர்வர் அனுப்பிய சான்றிதழ் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய் காலாவதியான ரூட்டில் முட்டி நின்றது. சம்பா நேரம், ஆளாளுக்கு அவசரம். சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு ஒரு இமேஜ் (கருவியில் ஏற்றும் முழு மென்பொருள் தொகுப்பு) அனுப்பினோம்.

செய்யவே கூடாத தவறு அதுதான். சரிபார்க்காவிட்டால், நடுவில் யார் வந்து சர்வர் என்று சொன்னாலும் கருவி நம்பிவிடும். அதே கருவி பம்ப்செட் மோட்டாரையும் ஓட்டினால் என்ன ஆகும்? அந்தப் பழைய ரூட்டை மட்டும் நீக்கியிருந்தால் 1.0.2-வே வேலை செய்திருக்கும்.

சரி, லைப்ரரியை மாற்றலாம் என்று இறங்கும்போது அடுத்த தவறு வரும். 1.0.2-க்கான பொது ஆதரவு 2019 முடிவிலும், 1.1.1-க்கானது 2023 செப்டம்பரிலும் முடிந்தன. உடனே, கருவிக்கான லினக்ஸைக் கட்டித்தரும் யாக்டோவின் பழைய கிளையில் 3.0 ரெசிபியை (பில்ட் செய்வதற்கான குறிப்பை) மட்டும் கொண்டுவந்து ஒட்டுவார்கள்; மற்ற பேக்கேஜ்கள் வரிசையாக உடையும். 1.1.1 இருந்த டன்ஃபெல் என்ற யாக்டோ கிளையிலிருந்து, 3.0-ஐயோ அதற்குப் பிந்தையதையோ கொண்ட கிளைக்கு மொத்தமாக நகர்வதே கடைசியில் குறைந்த வேலை. புது லைப்ரரிக்குப் பழைய பெயரில் சிம்லிங்க் போட்டு ஏமாற்றவும் வேண்டாம். இரண்டுக்கும் ஏபிஐ (ABI, பைனரி அளவிலான இடைமுகம்) பொருந்தாது.

தலைமடையில் தண்ணீர் திறந்ததும் வயலுக்கு வந்துவிட்டது என்று டெல்டாவில் யாரும் சொல்லமாட்டார்கள், கடைமடைக்குப் போய்ப் பார்ப்பார்கள். ரெசிபியில் பதிப்பு எண் மாறினாலும் அப்படித்தான். யாக்டோவின் சிவிஇ (அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளின் பட்டியல்) சோதனை ரெசிபியின் பெயரையும் பதிப்பையும் வைத்துத்தான் தேடும். சிப் தயாரிப்பாளர் கொடுத்த பைனரிக்குள் ஸ்டாட்டிக்காக இணைந்திருக்கும் பழைய நகல் அதன் கண்ணில் படாது. அதனால் முடிந்த இமேஜைப் பிரித்து, ஒவ்வொரு பைனரியிலும் உள்ளிருக்கும் எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் (strings) கட்டளையை ஓட்டி, 'OpenSSL 1' என்று தொடங்கும் பதிப்பு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதைக் கொடுத்தவரிடம் புதிதாக பில்ட் செய்து கேளுங்கள். வரும்வரை அந்த நிரலை நெட்வொர்க் பக்கமே விடாதீர்கள்.

3.0-இல் ஆர்சி4, எம்டி4 போன்ற பழைய, பலவீனமான முறைகள், தனியாகத் திறந்தால்தான் கிடைக்கும் லெகசி ப்ரொவைடருக்குப் போய்விட்டன. ஏதோ ஒன்று ஓடவில்லை என்பதற்காக அதைக் கருவி முழுவதற்கும் திறந்துவிட வேண்டாம்.

அப்புறம் கடிகாரம். ஆர்டிசி பேட்டரி செத்த கருவி, கரண்ட் போய் வந்ததும் 1970-இல் விழித்துக்கொள்ளக்கூடும். நல்ல சான்றிதழும் அதற்கு 'இன்னும் தொடங்காத' சான்றிதழாகத் தெரியும். பழி புது லைப்ரரி மேல் விழும். ஐப்பசி மழைக்கு முன்பே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.